அடி விழுந்த ஊரில் சங்கம் கட்டுவது எப்படி

எங்கள் ஊர் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவில், அலை அதிகம் இல்லாத பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். வக்கீல் கிடையாது. கட்சி அட்டையும் கிடையாது. ஆனாலும் சுற்றுவட்டாரக் காலனிகளில் யாருக்காவது அடி விழுந்தால் ரெண்டொரு நாளில் பையன்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். "பெரியப்பா, ஒரு சங்கம் ஆரம்பிக்கணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க." இப்போது பெண் பிள்ளைகளும் வருகிறார்கள், அவர்கள் பேனாவும் கொண்டு வருகிறார்கள். அவர்களிடம் வாயால் சொல்வதைத்தான் இங்கே எழுதிவைக்கிறேன்.

நடுநடுவே அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதை வரும். ஓய்வுக்குப் பிறகு நான் விழுந்து விழுந்து படித்தது அதைத்தான். எல்லோரும் அதில் பேச்சைப் படிப்பார்கள். எனக்கோ கணக்குப்பிள்ளை புத்தி: யார் ரசீது போட்டார்கள், பெயர்ப் பட்டியல் யார் வீட்டுப் பெட்டியில் இருந்தது, கூட்டத்துக்கு யார் சோறு சமைத்தார்கள் என்று தேடித் தேடிப் படித்தேன். நிறமும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அடி விழுந்த பிறகு ஒரு தெரு என்ன செய்கிறது, என்ன செய்யத் தவறுகிறது என்பதில் மட்டும் அந்த ஊர்களுக்கும் நம் ஊர்களுக்கும் நிறைய ஒத்துப்போகிறது.

முதலில் ஒரு பொய்யை மறந்துவிடுங்கள்

"அநியாயம் நடந்தது, மக்கள் கொதித்தார்கள், இயக்கம் பிறந்தது" என்று மேடையில் சொல்வார்கள். கொதிப்பது உண்மை. ஆனால் அது கரும காரியம் முடிகிறவரைதான் தாங்கும்.

1955-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி மாநிலத்தில் பெல்சோனி என்ற சிற்றூர். ஜார்ஜ் லீ என்ற பாதிரியாரும் கஸ் கோர்ட்ஸ் என்ற மளிகைக் கடைக்காரரும் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பின முன்னேற்றத் தேசியச் சங்கத்தின் கிளையும் அங்கே இருந்தது. மே 7 அன்று லீயைக் காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். நவம்பரில் கோர்ட்ஸை அவர் கடையிலேயே சுட்டார்கள். பிழைத்தவர் ஊரைவிட்டு சிகாகோ போய்விட்டார். பட்டியலில் பெயர் சேர்த்தவர்களும் ஒவ்வொருவராகப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். காரணம் துப்பாக்கி மட்டும் இல்லை. வேலை கொடுக்கிறவன், கடன் கொடுக்கிறவன், நிலத்துக்கு உடையவன் எல்லாமே அடித்த பக்கத்து ஆட்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் அலபாமாவின் மாண்ட்கமரி நகரத்தில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கி 381 நாள் நின்றது. அங்கே ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் களைத்துப்போய், வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க எழாமல் உட்கார்ந்தார் என்று பாடப்புத்தகம் சொல்லும். அவர் அதே தேசியச் சங்கத்தின் அந்த நகரக் கிளைச் செயலர் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். 1944-இல் அப்பெவில் என்ற ஊரில் ரெசி டெய்லர் என்ற இளம்தாயை வெள்ளை இளைஞர்கள் கூட்டமாகச் சீரழித்தபோது, நேரில் போய் வாக்குமூலம் எழுதி வந்தவர் அவர்தான். பேருந்தில் உட்கார்ந்த நாளுக்குப் பதினொரு ஆண்டு முன்னாலேயே கையில் நோட்டு இருந்தது. அந்த நகரத்தில் கறுப்பின மக்களுக்கென்று கல்லூரி இருந்தது, தேவாலயங்கள் இருந்தன, சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். எல்லோருடைய சோறும் ஒரே முதலாளி கையில் இல்லை.

என் கருத்து இதுதான். அடி சங்கத்தைக் கட்டாது. அடிக்கு முன்பே எழுதப்பட்ட நோட்டும், அடித்தவன் கைக்கு எட்டாத சோறும்தான் கட்டும். இரண்டில் ஒன்றாவது இல்லாமல் பேனர் அடிக்கப் போகாதீர்கள். உங்கள் ஊரில் இப்போது எந்தப் பிரச்சினையும் இல்லையென்றால் ரொம்ப நல்லது, இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

முதல் இரவு: எழுத்து வேலை

ஏற்கனவே அடி விழுந்துவிட்டதென்றால் அன்று இரவே இரண்டு பேரை எழுத்துக்கென்று ஒதுக்குங்கள். அவர்கள் கோஷம் போடக் கூடாது, மறியலில் உட்காரக் கூடாது. கையெழுத்து புரிகிற ஒரு பெண்ணும், பைக் ஓட்டத் தெரிந்த ஒரு பையனும் போதும்.

அடிபட்டவர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லவிடாதீர்கள். யார், எதால், எந்த இடத்தில் அடித்தார் என்று டாக்டரிடம் சொன்னால்தான் விபத்துப் பதிவேட்டில் அப்படி ஏறும். அந்த ஏ.ஆர். நகல்தான் பின்னால் பேசும். ராத்திரி நேரத்தில் "எதுக்குப்பா கேஸு" என்று சொந்தக்காரரே காதைக் கடிப்பார். அவரை டீ வாங்கிவர அனுப்பிவிடுங்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தவுடன் ஒரு சீட்டு தருவார்கள். அது பெரும்பாலும் சி.எஸ்.ஆர். ரசீது. மனு வந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான் அது, வழக்கு பதிவானது என்று அர்த்தம் இல்லை. எஃப்.ஐ.ஆர். எண் கிடைக்கும்வரை "கேஸ் போட்டாச்சு" என்று ஊரில் சொல்லாதீர்கள். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். எல்லை வேறு என்று அலைக்கழிக்கவும் முடியாது, எந்த நிலையத்திலும் முதலில் பதிவு செய்தாக வேண்டும். பதிய மறுத்தால் அதே புகாரை ஸ்பீட் போஸ்டில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்புங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். தபால் ரசீதைப் புகார் நகலின் பின்பக்கம் ஒட்டுங்கள். சட்டைப்பையில் வைத்தால் வியர்வையில் எழுத்து போய்விடும், நம் ஊர் வெயில் அப்படி.

பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் மீதான வன்கொடுமை என்றால் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. புகாரை விசாரிக்க டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி வேண்டும், 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டும். முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டுத்தான் பதிவோம் என்று சொல்ல முடியாது. நிவாரணத் தொகை கட்டம் கட்டமாக வரும், பல குற்றங்களுக்கு அதன் முதல் கட்டம் எஃப்.ஐ.ஆரோடு தொடர்புடையது. ஆட்சியர் தலைமையில் உள்ள கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அது எப்போது கூடியது, என்ன முடிவெடுத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள். பதில் வர 30 நாள். யாரும் தொலைபேசியை எடுக்காத இரவில் 14566 என்ற வன்கொடுமை உதவி எண்ணும் இருக்கிறது.

சாட்சி விஷயத்துக்கு வருகிறேன். 1955 ஆகஸ்ட் 28 அன்று மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைத் தூக்கிப் போய்க் கொன்றார்கள். அந்த வழக்கில் சாட்சி சொல்லக்கூடியவர்களில் பலர் பருத்திக் காட்டுக் கூலிகள். மெட்கர் எவர்ஸ், அம்சி மூர் போன்ற உள்ளூர்ச் சங்கத்துக்காரர்கள் கிழிந்த சட்டை போட்டுக் கூலிக்காரர் மாதிரி காட்டுக்குள் போய்ப் பேசி, பயந்து கிடந்தவர்களைக் கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்தில் இது பாசி எடுக்கப் போகிற அக்காமார் வேலை, கருவாட்டுக் கூடைக்காரிகள் வேலை. எந்த வீட்டு வாசலில் யார் நின்று பார்த்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நாலு பைக்கில் போய் இறங்கினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வீடியோ இருந்தால் அதை எடுத்த போனையே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி அனுப்பி மங்கிப்போன படத்தைக் காட்டி கோர்ட்டில் வாதாடுவது கஷ்டம்.

எண்ணிக்கையும் எழுதுங்கள். 1892 மார்ச்சில் மெம்பிஸ் நகரத்தில் மளிகைக் கடை வைத்து முன்னுக்கு வந்த தாமஸ் மோஸையும் இரண்டு கூட்டாளிகளையும் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றது. மோஸின் தோழி ஐடா பி. வெல்ஸ் பத்திரிகை நடத்தியவர். அவர் அழுது எழுதியதோடு நிற்கவில்லை. கும்பல் கொலைகளை ஊர் வாரியாக, காரணம் வாரியாகப் பட்டியல் போட்டார். எண்களைக் கறுப்பினத்தார் சொல்லி எடுத்தால் நம்ப மாட்டார்கள் என்று வெள்ளையர் பத்திரிகைகளில் வந்த கணக்கையே எடுத்தார். அவர் அச்சகத்தை உடைத்துப் போட்டார்கள், பட்டியல் உடையவில்லை. உங்கள் ஒன்றியத்தில் கடந்த பத்தாண்டில் நடந்த சம்பவம், எஃப்.ஐ.ஆர். எண், இப்போது எந்த நிலை என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எந்தப் பேச்சுக்கும் அசையாத அதிகாரி அந்தத் தாளைக் கண்டால் நிமிர்ந்து உட்காருவார்.

உடலை வாங்குவதா, வேண்டாமா

உயிர் போயிருந்தால் ஆஸ்பத்திரி வாசலில் இந்தக் கேள்வி வரும். நம் மாவட்டத்தில் உடலை வாங்க மறுத்துப் போராடுவது தெரிந்த வழக்கம். சங்கம் வைக்கப் போகிறவர்கள் இதில் ஒன்றை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த முடிவு குடும்பத்துடையது.

எம்மெட் டில்லின் அம்மா மேமி, மகனின் சிதைந்த முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று சிகாகோவில் பெட்டியைத் திறந்துவைத்தார். பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள், கறுப்பினத்தார் பத்திரிகை படம் போட்டது. அதற்குச் சில மாதம் முன்பு பெல்சோனியில் ஜார்ஜ் லீயின் மனைவி ரோஸ்பட்டும் பெட்டியைத் திறந்தேதான் வைத்திருந்தார். இரண்டுமே அந்தப் பெண்களின் சொந்த முடிவு. தலைவர்கள் யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததாக நான் படித்ததில் இல்லை. எங்கள் பக்கத்தில் வெளியூர்த் தலைவர்கள் மைக்கைப் பிடித்து "வாங்க மாட்டோம்" என்று அறிவித்த பிறகுதான் அந்தத் தாய்க்குச் செய்தி தெரிகிறது. அப்படி ஆரம்பிக்கும் சங்கத்தில் அந்தக் குடும்பம் ஒருநாளும் உறுப்பினர் ஆகாது.

குடும்பம் மறுக்கிறது என்றால் கோரிக்கைத் தாள் அன்றைக்கே தயாராக வேண்டும். வாயால் சொன்ன கோரிக்கை வாயாலேயே போய்விடும். மிசிசிப்பியில் நாட்செஸ் என்ற ஊரில் 1965 ஆகஸ்ட் 27 அன்று தேசியச் சங்கக் கிளைத் தலைவர் ஜார்ஜ் மெட்காஃப் காரில் குண்டு வைத்தார்கள். அவர் பிழைத்தார், ஆனால் உடம்பு சிதைந்துபோனது. ஊர் உடனே கோரிக்கைகளை எழுதி நகராட்சியிடம் நீட்டிவிட்டு வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தது. குண்டு வைத்தவனைப் பிடி என்பதோடு அந்தத் தாள் முடியவில்லை. கறுப்பினப் போலீஸ்காரர்களை அமர்த்து என்பதும், நகராட்சி ஊழியர்கள் எங்களை மரியாதைச் சொல் போட்டுக் கூப்பிட வேண்டும் என்பதும் அதில் இருந்தன. டிசம்பரில் நகராட்சி பெரும்பாலானவற்றுக்கு இறங்கி வந்தது. எழுபது வயதுப் பெரியவரை "ஏய், இங்க வாடா" என்று கூப்பிடும் அலுவலகம் உங்கள் பக்கத்திலும் இருந்தால் அதையும் தாளில் சேருங்கள். நஷ்ட ஈடு, அரசு வேலை, இவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். அவை ஒரு வீட்டுக்குப் போய்ச் சேரும். குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு என்று ஒன்றாவது தெரு முழுக்கத் தொடுவதாக இருக்க வேண்டும்.

சமாதானக் கூட்டம்

அடுத்த வாரத்தில் தாலுகா அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும். போகத்தான் வேண்டும், போகாவிட்டால் பிடிவாதக்காரர்கள் என்ற பெயர் வரும். ஆனால் இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் ஆட்சியர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வந்த ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன், மறுநாள் இரவு பரமக்குடியில் கொல்லப்பட்டார்.

தனியாகப் போகாதீர்கள், தனியாகத் திரும்பாதீர்கள். நம் பக்கத்திலிருந்து ஒருவர் பேசட்டும், இன்னொருவர் குறிப்பெடுக்கட்டும். அதிகாரி எழுதும் நடவடிக்கைக் குறிப்பை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். "இரு தரப்பும்" என்ற சொல் அதில் வந்தால் அடித்தவரும் அடிபட்டவரும் ஒன்றாகிவிட்டார்கள் என்று பொருள், திருத்தச் சொல்லுங்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் எழுதி வாங்குவதால் வழக்கு தானாக முடிந்துவிடாது என்று சாட்சிகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பெயர்ப் பட்டியல்

வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறவர்கள் உறுப்பினர்கள் இல்லை. ஒரு ரூபாயாவது சந்தா கொடுத்து, நோட்டில் கையெழுத்தோ ரேகையோ வைத்தவர்தான் உறுப்பினர். சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிய ஏழு பேர் போதும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வேலை நடக்கும். ஆனால் ஆரம்பித்த வாரமே பதிய ஓடாதீர்கள். ஆறு மாதம் சந்தா ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பதியலாம். பதிந்தால் ஆண்டுக் கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் தாக்கல் செய்துகொண்டே இருக்க வேண்டும். பதிந்துவிட்டுக் கணக்கு தாக்கல் செய்யாத சங்கங்களை என் வேலைக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். பெயர்ப் பலகை மட்டும் வெயிலில் வெளுத்துக்கொண்டிருக்கும்.

பட்டியல் எங்கே இருக்கிறது என்பது தலைவர் யார் என்பதைவிட முக்கியம். பேருந்துப் புறக்கணிப்பு நடந்துகொண்டிருந்த 1956-இல் அலபாமா அரசு தேசியச் சங்கத்துக்குத் தடை வாங்கி, உறுப்பினர் பெயர் முகவரியை எல்லாம் கொடு என்றது. கொடுத்தால் அத்தனை பேருக்கும் வேலை போகும், வீட்டுக்குக் குண்டு வரும். சங்கம் மறுத்தது. ஒரு லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள், அப்போதும் கொடுக்கவில்லை. 1958-இல் உச்ச நீதிமன்றம் பட்டியலைக் கொடுக்கத் தேவையில்லை என்று ஒருமனதாகச் சொன்னது. இதைப் படித்த அன்று, பல வருடம் உறுப்பினர் பேரேட்டை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிந்த எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

அதே தடை வந்த சில நாளில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஃப்ரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்ற பாதிரியார் வேறு பெயரில் ஓர் உள்ளூர் அமைப்பைத் தொடங்கிவிட்டார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் அவர் வீட்டைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். மறுநாள் பேருந்தில் ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார். பலகையைப் பிடுங்கலாம், அதற்கு அடியில் உட்கார்ந்த ஆட்கள் அதே ஆட்கள்தான்.

பட்டியலில் இரண்டு படி வையுங்கள். ஒன்று செயலரிடம், மற்றொன்று தெருவுக்கு வெளியே நம்பகமான வீட்டில். நிர்வாகிகளில் இரண்டு பேராவது பெண்கள், அதிலும் கையெழுத்து அதிகாரம் உள்ளவர்களாக. மாண்ட்கமரியில் பார்க்ஸ் கைதான இரவில் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் நகலெடுக்கும் எந்திரத்தில் விடிய விடியப் பல்லாயிரம் துண்டறிக்கை ஓட்டினார். பாதிரியார்கள் கூடித் தீர்மானம் போட்டது அதற்குப் பின்னால். தலைவராக அவர்கள் தேர்ந்தது ஊருக்குப் புதிதாக வந்திருந்த 26 வயது மார்ட்டின் லூதர் கிங்கை. ஊருக்குள் பழைய பகை, பழைய கடன் எதுவும் இல்லாத ஆள். நமக்கும் அதே அளவுகோல் போதும்: ஏலக்கூடத்தில் யாரிடமும் முன்பணம் வாங்காதவர், தேர்தலில் நிற்கும் ஆசை இல்லாதவர்.

காசு

கடற்கரைக்குக் கடற்கரைக் கணக்குத்தான் ஒத்துவரும். மாதச் சந்தா என்று வைத்தால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளி எங்கே போவான்? மீன்பாடு இருக்கும் காலத்தில் வாரம் பத்து ரூபாய் வாங்குங்கள், தடைக்காலத்தில் வாங்காதீர்கள். கூட்டம் போடும் நாளும் அப்படியே: விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்திருக்கும் துறைகளில், எந்த இரவில் யார் கரையில் இருப்பார்கள் என்று பார்த்து வையுங்கள்.

மாண்ட்கமரியில் 381 நாள் மக்களை வேலைக்கு ஏற்றி இறக்க சுமார் 300 கார்கள் ஓடின. பெட்ரோல் காசு ஒரு பக்கம் தேவாலயக் கூட்டங்களில் வந்தது, இன்னொரு பக்கம் சமையல்கட்டில் வந்தது. ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரப் பெண் கோழி வறுத்தும் கேக் சுட்டும் விற்று, மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வாராவாரம் காசு கொண்டுவந்து கொட்டினார். "எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் "எங்கிருந்தும் இல்லை" என்பார்களாம், அந்தப் பெண்கள் குழுவுக்குப் பெயரே அதுதான். கொடுத்தவர்களில் வெள்ளையர் வீட்டு வேலைக்காரிகளும் உண்டு, பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். கிங்குக்கு ஆதரவாகச் சாட்சி சொன்னதற்குக் கில்மோருக்கே வேலை போனது. வீட்டிலேயே அடுப்பு மூட்டிச் சாப்பாட்டுக்கடை வைத்துக்கொண்டார்.

கொடுத்தவர் பெயரை மறைக்க வேண்டிய இடத்திலும் தொகையை மறைக்காதீர்கள். "நலம்விரும்பி, 200" என்று ரசீதுக் கட்டையில் இருக்கட்டும். வாரக் கடைசியில் ரொக்கப் புத்தகத்தைக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள். நான் பார்த்த சங்கங்களில் போலீஸ் உடைத்ததைவிடக் காசு உடைத்தது அதிகம்.

இனி சோறு. கருவாட்டுக்கும் நண்டுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரி, "இனிமே உன் சரக்கு வேண்டாம், காசை வை" என்றால் கோஷம் எல்லாம் அன்றோடு சரி. மிசிசிப்பியில் இதேதான் நடந்தது: சங்கத்தில் சேர்ந்தவர்களின் கடனை வெள்ளையர் மன்றங்கள் திடீரென்று திருப்பிக் கேட்க வைத்தன. அதற்கு டாக்டர் டி.ஆர்.எம். ஹோவர்டும் தேசியச் சங்கமும் கண்டுபிடித்த வழி, நாடு முழுக்க உள்ள அமைப்புகளின் பணத்தை மெம்பிஸில் கறுப்பினத்தார் நடத்திய ட்ரை ஸ்டேட் வங்கியில் போடச் செய்து, நெருக்கப்பட்டவர்களுக்கு அங்கிருந்து கடன் கொடுப்பது. நம்மால் வங்கி வைக்க முடியாது. மகளிர் குழுக்கள் இருக்கின்றனவே. தெருவில் யார் யார் எந்த வியாபாரிக்கு எவ்வளவு முன்பணம் பாக்கி என்று முதலில் கணக்கெடுங்கள். முதலில் மீட்க வேண்டியது சாட்சி சொல்லப் போகிறவரின் கடன்.

பட்டியல் சாதிக் குடும்பத்தைக் கடையில் சாமான் கொடுக்காமல், வேலைக்குக் கூப்பிடாமல் ஒதுக்கிவைப்பது அந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் குற்றம். அதற்குத் தனிப் புகார் கொடுங்கள், அடிதடி மனுவோடு சேர்த்து மழுங்கடிக்காதீர்கள்.

கூடும் இடம்

சொந்த இடம் இல்லாமல் சங்கம் நிற்காது. அலபாமாவில் செல்மா நகரத்தில் 1964-இல் நீதிபதி ஒருவர் மூன்று பேரோ அதற்கு மேலோ கூடி உரிமை பேசத் தடை போட்டார். அமீலியா பாய்ண்டனின் காப்பீட்டு அலுவலகம்தான் அங்கே போராட்டக்காரர்களுக்குப் புகலிடம். அடுத்த பிப்ரவரியில் பக்கத்து மேரியன் ஊரில் ஜிம்மி லீ ஜாக்சனைக் காவலர் சுட்டுக் கொன்றபோது, மார்ச் 7 அன்று பாலத்தின் மேல் அணிவகுக்க முடிந்ததற்கு அப்படிப்பட்ட அறைகளில் நடந்த பல வருட வேலை காரணம். அந்த ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. தென் கரோலினாவின் கடல் தீவுகளில் 1957-இல் எழுத்துப் பள்ளி நடத்தியவர்கள் முன் அறையில் மளிகைக் கடை வைத்து, பின் அறையில் பாடம் நடத்தினார்கள். பார்க்கிறவனுக்குக் கடைதான் தெரியும்.

நம் மாவட்டத்தில் செப்டம்பர், அக்டோபரில் தடை உத்தரவு வருவது வழக்கம். பழைய சட்டத்தில் 144-ஆவது பிரிவு, இப்போது 163. 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அந்த மாதங்களில் போலீஸ் கெடுபிடி பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆண்டுப் பொதுக்குழுவை ஜூலையிலேயே முடித்துவிடுங்கள். கோயில் மண்டபம், தேவாலய அறை, ஜமாஅத் கட்டடம் எதுவும் ஒரு சாராருடையதாகத் தோன்றினால் வேண்டாம். டியூஷன் நடக்கும் திண்ணை, தையல் வகுப்புக் கூரை போதும், மாலையில் பிள்ளைகள் படிக்கட்டும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் நீங்கள் உட்காருங்கள்.

வாய்தா நாட்கள்

எம்மெட் டில் வழக்கில் தாத்தா முறையுள்ள மோசஸ் ரைட், பிறர் நிலத்தில் பங்குக்குப் பயிரிட்ட 64 வயதுக்காரர், கோர்ட்டில் எழுந்து நின்று குற்றவாளிகளைக் கைநீட்டிக் காட்டினார். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அவர்களை விடுவித்தது. ரைட் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. தீர்ப்பு வந்து இரண்டு மாதத்தில் ஹோவர்ட் மாண்ட்கமரிக்கு வந்து அந்தக் கொலையைப் பற்றிக் கூட்டத்தில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ரோசா பார்க்ஸும் ஒருவர். நாலாம் நாள் அவர் பேருந்தில் கைதானார். தோற்ற வழக்கும் வீணாகவில்லைதான். ஆனால் சாட்சியை ஊரைவிட்டு ஓடவிட்ட கணக்கு அந்த ஊர் பேரேட்டில் பற்றாகவே நிற்கிறது.

நம் வழக்குகள் வருடக்கணக்கில் இழுக்கும். முதல் வாய்தாவுக்கு மூன்று வேன் ஆட்கள் வருவார்கள். இருபதாவது வாய்தாவுக்குச் சாட்சி தனியாக பஸ் ஏறுவார், எதிர்த்தரப்பு ஆள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நலம் விசாரிப்பான். பிறழ் சாட்சி உருவாகும் இடம் பெரும்பாலும் அந்த பஸ்தான். ஆகவே வாய்தாத் தேதிகளைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து, ஒவ்வொரு தேதிக்கும் சாட்சியோடு போக ஒருவர் பெயரைப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளில் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் போக்குவரத்துச் செலவும் அன்றைய கூலி அளவுக்குப் படியும் உண்டு. விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், விண்ணப்பித்தால் கிடைக்கவும் செய்கிறது. பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடாமல் வாங்கி, தேதி எழுதி, சாட்சியின் பெயர் போட்ட உறையில் வையுங்கள்.